ஒன்றரை விநாடி

மூன்று ஆண்டுகளாக அந்த மின்பலகை
நெற்றியில் சந்தனத்தோடு நிற்கிறது.
திறப்பு விழாவில் யாரோ வைத்த பொட்டு.
அதன் மேல்
பிள்ளைகள் பசியாறும் நேர அட்டவணையை
நாடா போட்டு ஒட்டியிருக்கிறோம்.

சேமிப்பறையில் பதினைந்து கைக்கணினிகள்.
சாவி குமாஸ்தா கமாரியாவிடம்.
'உடைந்தால் யார் பதில் சொல்வது, குரு பெசார்?'
அவள் கேட்டதில் தவறில்லை,
சொத்துப் பதிவேட்டில் இருப்பது அவள் கையெழுத்து.
ஆண்டுக்கு ஒரு முறை எடுத்து
எண்ணி, தூசு தட்டி, மறுபடி பூட்டுவோம்
தீபாவளி முறுக்குக் குழலைப் போல.
முறுக்காவது சுடுவோம்.

தெலுக் இந்தான் சாலையிலிருந்து உள்ளே நான்கு மைல்.
நாற்பத்தொரு பிள்ளைகள், எட்டு ஆசிரியர்கள்.
செம்பனை ஆலையில் சங்கு ஊதினால்
எங்கள் மின்விசிறி மூச்சு வாங்கும்.
இணையம் வேண்டுமென்றால்
தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏற வேண்டும்.
எண்ணிமக் கற்றல் முன்னேற்ற அறிக்கை
ஒவ்வொன்றையும் அங்கிருந்துதான் அனுப்பினேன்,
ஒரு கையில் குடை, காலெல்லாம் கொசு.
நூற்றுக்கு எண்பத்தேழு என்று எழுதியிருந்தேன்.
எதில் எண்பத்தேழு என்று
மாவட்டத்தில் யாரும் கேட்கவில்லை.
நானும்.

ஒரு செவ்வாய்க்கிழமை
தேவசுந்தரி டீச்சர் மருத்துவ விடுப்பு.
நான்காம் ஆண்டுக்குப் பின்னம் எடுக்கப் போனேன்.
கைப்பேசியைச் சன்னல் கம்பியில்
ரப்பர் வளையத்தால் கட்டிப் பதிவை அழுத்தினேன்.
அறிக்கைக்கு ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான்.
அணைக்க மறந்துவிட்டேன்.

இரவு, தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்க,
அழிப்பதற்கு முன் ஓடவிட்டேன்.

யார் இந்தப் பெண்மணி?
கேள்வி கேட்கிறாள்.
கேட்ட வாய் மூடுவதற்குள் அவளே பதிலும் சொல்கிறாள்.
'முக்காலில் பாதி எவ்வளவு? எட்டில் மூன்று. சரியா?'
'சரிங்க டீச்சர்' என்கிறது வகுப்பு,
காவடிக்குப் பின்னால் அரோகரா சொல்வது போல.
கடிகாரத்தை வைத்து எண்ணினேன்.
இருபத்தாறு கேள்விகள்.
மிக அதிகமாகக் காத்திருந்தது
ஒன்றரை விநாடி.
இருபத்தெட்டு ஆண்டுச் சேவையை
அதனால் பெருக்கிப் பார்க்கத் துணிவில்லை.

பின்வரிசை ஓரத்தில் ஹர்வின்ராஜ்.
மெதுவாகக் கற்பவன் என்று
அவன் கோப்பில் எழுதியது என் பேனா.
படத்தைப் பெரிதாக்கினேன்.
ஒரு தாளை மடிக்கிறான். நான்காக.
பிறகு இன்னொரு மடிப்பு.
விரித்து, விரல் வைத்து எண்ணி,
உதடு திறக்கிறான்.
நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.
அவன் தாளைக்
கால்சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறான்.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டம்.
மின்பலகையிலிருந்து அட்டவணையை உரித்தேன்.
சந்தனம் இருக்கட்டும்.
யாருடைய வகுப்பையும் கேட்கவில்லை,
என்னுடையதையே ஓடவிட்டேன், வெட்டாமல்.
முதலில் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.
பிறகு யாரோ சிரித்தார்கள்.
ஹர்வின் தாளை மடித்தபோது சிரிப்பு நின்றது.
ஓய்வுக்கு எட்டு மாதமே இருக்கும்
அமிர்தலிங்கம் சார் தொண்டையைச் செருமினார்:
'என் வகுப்பையும் பிடிங்க.
ஆனா அறிக்கையில போடக் கூடாது.'
போட மாட்டேன் என்றேன்.

சாவி கேட்டேன்.
'உடைந்தால்?' என்றாள் கமாரியா.
'என் கையெழுத்து.'
பதிவேட்டை என் பக்கம் திருப்பினாள்,
பேனாவின் மூடியையும் அவளே கழற்றினாள்.

பதினைந்தில் ஆறு உயிர்க்கவில்லை,
பூட்டியே வைத்ததில் பேட்டரி உப்பிப் போயிருந்தது.
மீதி ஒன்பதுக்கு இணையம் தேவையில்லை,
கண் இருந்தால் போதும்.
இந்த மாத அறிக்கையில்
எண்பத்தேழு இருந்த இடம் காலி.

இன்று மறுபடி நான்காம் ஆண்டு.
கேள்வியைக் கேட்டேன்.
பல்லைக் கடித்துக்கொண்டேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்று விநாடி இவ்வளவு நீளமா?
ஆலைச் சங்கு ஊதியது, விசிறி தளர்ந்தது,
வெளியே ஒரு லாரி குலைகளோடு கடந்து போனது.
ஹர்வின் எழுந்தான்.
சொன்ன விடை தவறு.
எப்படி வந்தது என்று கேட்டுவிட்டு
மீண்டும் எண்ணத் தொடங்கினேன்.