உறவுமுறை

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு
நாளைக்கு ஆறு தரம் போய்வரும் பஸ்ஸில்
நான் கண்டக்டர்.
தோல்பைக்குள் சில்லறை, கிழிந்த இருபது ரூபாய்த் தாள்கள்.
ஜிப் வைத்த உள்ளறையில்
மூக்குக்குள் அடிக்கிற மருந்து,
கிளினிக் டொக்டர் என் பெயருக்கு எழுதித் தந்தது.

பெரியகல்லாற்றுப் பாலத்தில்
பின்சீட்டில் ஒரு பொடியன் சரிந்தான்.
உதடு நாவற்பழம்.
டிக்கட் கிழிக்கும் விரலால் தலையை நிமிர்த்தி
அடித்தேன்.
கோட்டைக்கல்லாறு வர இருமினான்.
ஓந்தாச்சிமடத்தில்
என்னைத் தூசணத்தால் பேசினான்.
அண்டைக்கு நான் கேட்ட நல்ல சொல் அதுதான்.
களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றது.
"நேரம் போகுது, மீன் பழுதாகுது" என்று கத்தியவள்தான்
மறுகா அவன்ட ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு
பின்னால் ஓடினாள்.

காப்புறுதிக் கம்பனிக்கு இதொன்றும் தெரியாது.
மருந்துச் சிட்டை தெரியும்.
"விண்ணப்பதாரர் போதை சார்ந்த ஆபத்துடையவர்.
ஏற்க இயலாது."
முத்திரையும் சரிவாய்.

முகவர் திவ்வியநாதன் எங்கட ஊர்.
குரலைத் தாழ்த்தினார்:
"மருந்தத் திருப்பிக் குடுங்க அண்ணன்.
ஆறு மாசம் போகட்டும், புதுசா எழுதுவம்."
ஆறு மாதத்தில் அந்தப் பாலத்தை
எத்தனை தரம் கடப்பேன்?
கணக்கு எனக்கு வரும், தொழில் அது.
ஆயிரத்துக்கு மேலே.

மற்ற பஸ் ரொபின்சன் திருப்பிக் கொடுத்துவிட்டான்.
அவனை நான் குறை சொல்லேன். மூன்று பிள்ளை.
அவனுடைய பஸ்ஸும் அதே பாலத்தால்தான் போகுது.

மட்டக்களப்புக் கந்தோரில் கேட்டேன்:
"வள்ளத்தில மிதவை வச்சிருக்கிறவன
தாண்டவன் எண்டா எழுதுவீங்க?"
கவுண்டர்ப் பிள்ளை பதில் சொல்லவில்லை.
மேசைக் காற்றாடியை என் பக்கம் திருப்பிவிட்டாள்.
முறைப்பாட்டுக் கடிதம் எங்கே அனுப்புவதென்று
ஒரு துண்டில் எழுதித் தந்ததும் அவள்தான்.

நாலு கடிதம். ஒரு மழைக்காலம்.
இப்போது புதுப் படிவம் வந்திருக்கிறது:
'மருந்து யாருக்காக?
அவர் உங்களுக்கு என்ன உறவுமுறை?'
கட்டம் பஸ் டிக்கட் அளவு.

பைக்குள்ளிருந்த பேனையால் நெருக்கி எழுதினேன்:
பெயர் தெரியாது.
துறைநீலாவணைச் சந்தியில் ஏறினவன்.
மிச்சம் முப்பது ரூபா
இன்னும் நான் அவனுக்குக் கொடுக்கவேணும்.