பாலன்திரை வரை

ஞாயிறு, காலை ஆறேகால்.
கிராணி வீட்டு நாய் மட்டும் விழித்திருக்கிறது.
ஒரு போத்தல் தண்ணீர், இரண்டு வாழைப்பழம்,
ஆலையில் போடும் ரப்பர் பூட்ஸ்.
பண்டில் ஏறிவிட்டேன்.

இடப்பக்கம் கடல்.
கடலென்றால் நீலமில்லை, அலையில்லை;
சேறு, சேற்றுக்கு அப்பால் சேறு,
அதற்கும் அப்பால் ஒரு கோடு.
வலப்பக்கம் செம்பனை, நிரை நிரையாய்.
நடுவே லாரி அகலத்தில் நான்.

பழைய பங்களாவை இடித்தபோது
இழுப்பறையின் அடியில் விரித்துக் கிடந்தது
ஒரு வரைபடம்.
ஸ்காட்லாந்து, தென்மேற்குக் கரை,
கரப்பான் தின்றது போக.
எவனோ துரை பென்சிலால்
கடலை விட்டு விலகாமல் கோடிழுத்திருக்கிறான்,
இரவு தங்கிய ஊருக்கெல்லாம் ஒரு புள்ளி.

போர்ட்பேட்ரிக்.
எங்களுக்குப் போட்டுப்பட்டறை.
பாலன்ட்ரே எங்கள் வாயில் பாலன்திரை;
பாலன் என்றொருவன் திரைகட்டி நாடகம் போட்டதாக
அதற்கொரு கதையே உண்டு.
கிர்வன்தான் கிருபன் லயம்.
தெற்கிலிருந்து வடக்காக
நடந்த வரிசையிலேயே பெயர் வைத்திருக்கிறான்.
அங்கே எத்தனை நாளோ.
இங்கே முதல் புள்ளியிலிருந்து அடுத்ததற்கு
ஏழு கட்டை.

மோட்டார் சைக்கிள் நிற்கிறது.
'அக்கா, வண்டி கெட்டுப்போச்சா? ஏறுங்க.'
இல்லப்பா, நடக்கிறேன்.
'எங்க?'
பாலன்திரைக்கு.
'அங்க யாரு செத்தது?'
சும்மாதான் என்றேன்.
மதியழகன் நம்பவில்லை. தப்பில்லை.
இந்தத் தோட்டத்தில் யார் சும்மா நடந்தார்கள்?
நாளுக்கு ஐந்நூறு மரம்.
பாலை நிறுத்தார்கள், காசு கொடுத்தார்கள்.
மரத்துக்கும் மரத்துக்கும் இடையே நடந்ததை
எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

ஐந்தாம் கட்டையில் பண்டைக் காணோம்.
போன வாரப் பெருக்கு மதகைப் பிய்த்துவிட்டது.
முப்பது அடி வாய்க்கால், காப்பி நிறத்தில்.
அக்கரையில் ஒரு கொக்கு,
நான் திரும்பிவிடுவேன் என்ற நினைப்பில்.
கெராங் பொறுக்க வந்த ஆ லெங்
சம்பானைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
'ரெண்டு வெள்ளி,' என்றாள் தமிழில்.
திரும்பி வர?
'மூணு. தண்ணி ஏறிடும்.'

உட்கார்ந்து கடந்த முப்பது அடியை
நடையில் சேர்க்கலாமா?
எடைமேடையில் எனக்கு இருபத்தோராவது வருஷம்.
பாரத்திலிருந்து வெறும் லாரியைக் கழிப்பதுதான் பிழைப்பு.
கழித்தேன்.

பாலன்திரையில் ஒன்றுமில்லை.
பூட்டிய பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி,
கடலைப் பார்த்துப் போட்ட
கால் வளைந்த பிளாஸ்டிக் நாற்காலி.
இரண்டாவது பழத்தைத் தின்றேன்.
அவனும் அங்கே எதையோ தின்றிருப்பான்,
காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு.
அவன்மேல் எனக்கொன்றும் அன்பில்லை.
அந்தப் புள்ளி பிடித்திருக்கிறது.

சாயங்காலம் ஆலையில் யாருமில்லை.
சேற்றுப் பூட்ஸோடு எடைமேடையில் நின்றேன்.
அறுபது.
கிளம்பும்போதும் அறுபதுதான்.
அது இருபது இருபதாய் எண்ணும்.
அதற்குள் என்ன ஏறினாலும் இறங்கினாலும்
அதற்குத் தெரியாது.

அடுத்தது கிருபன் லயம்.
பெருக்கு நேரம் பார்த்துவைக்க வேண்டும்.