ஆட்டம் 212, கோல் 3

மைக்கோடு ஒரு மடித்த தாளையும் தந்தார் ததேயுஸ்.
மலப்புரத்து ஏஜெண்ட் அனுப்பியது, வாசி என்றார்.
குக் பியோங் மோ. வயது முப்பத்தாறு. நடுக்களம்.
முதல் நாள் அந்தப் பெயரை மூன்று விதமாகச் சொன்னேன்.
மூன்றுக்கும் கையை உயர்த்தினான்.

கிளீட்டஸ் ஓமான் பக்கம் சுறாவுக்குப் போய்
முப்பத்தெட்டு நாளாகியிருந்தது.
எட்டாம் எண் சட்டைக்குள் ஆளில்லை.
ஆப்பிரிக்கக்காரன் கேட்ட பணம் கமிட்டியிடம் இல்லை.
சின்னத்துறைக்கு ஒரு கொரியாக்காரன்
வந்த கதை இவ்வளவுதான்.

தாளில் இருந்தது:
மொக்போவில் பள்ளி அணி.
இரண்டாம் டிவிஷனில் நான்கு சீசன்,
அதில் ஒன்று முழுக்க பெஞ்சில்.
பட்டாளம் இரண்டு வருடம்,
நேரே ஆட்டம் என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு.
முதல் டிவிஷன், பதினோரு ஆட்டம், பிறகு இடது முட்டி.
தாய்லாந்தில் இரண்டு ஊர்.
மலேசியாவில் சம்பளம் தராமலே கலைந்த ஓர் அணி.
கொல்கத்தாவில் ஒரு மழைக்காலம்.
மொத்தம் ஆட்டம் 212, கோல் 3.

மூணா, என்று சிரித்தது கூட்டம்.
மைக்கைப் பொத்திக்கொண்டு நானும்.

முதல் ஆட்டத்தில் அவன் ஓடவே இல்லை.
நம் பையன்கள் மணலில் நுரைதள்ள ஓடுகையில்
பந்து வருமுன் இடத்தோள் பக்கம் ஒருமுறை,
வலத்தோள் பக்கம் ஒருமுறை
தலையைத் திருப்பினான்.
"என்னத்தலே தேடுதான், பொண்ணா?"
தென்னைமூட்டில் இருந்து ஒரு குரல்.

இரண்டாம் பாதியில்தான் எனக்கு உறைத்தது.
கணியம் பார்க்கிறான்.
கோயில் மணிக்கூண்டையும் மலையையும்
ஒரே கோட்டில் நிறுத்தி
அடியில் பார் கிடக்கும் இடத்தை அப்பா பிடிப்பாரே,
தெரிகிற இரண்டை வைத்துத் தெரியாத ஒன்றை,
அதே.

பந்து அவனிடம் அரை நொடி தங்கும்.
பிறகு யாருமில்லாத இடத்துக்குப் போகும்.
போன பிறகு அங்கே நம் பையன் ஒருவன் இருப்பான்.
கோல் அடித்தவன் பெயரைக் கத்தினேன்.
அவனுக்குத் தந்தவன் பெயரையும் கத்தினேன்.
தந்தவனுக்குத் தந்தவனைச் சொல்ல
மைக்கில் எனக்கு வார்த்தை வரவில்லை,
தாளிலும் அதற்குக் கட்டமில்லை.

ராத்திரி ஐஸ் பிளாண்டுக்குக் கூட்டிப் போனோம்.
மீன்பெட்டிக்குள் காலை இறக்கி
முட்டி மூட உடைத்த ஐஸ் கொட்டச் சொன்னான்.
பக்கத்துப் பெட்டியில் கணவாய்.
ஒன்றை எடுத்து முகர்ந்து
மொக்போ, என்றான்.
அன்று அவன் பேசியது அது மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அரையிறுதிக்கு முந்தின சாயங்காலம் போட் வந்தது.
தாடியில் உப்போடு நேரே மைதானத்துக்கு வந்தான் கிளீட்டஸ்.
ததேயுஸ் தலையைச் சொறிந்தார்.
கமிட்டிக்காரர்கள் கடலைப் பார்த்தார்கள்.
யாரும் எதுவும் சொல்லுமுன்னே
குக் சட்டையைக் கழற்றினான்,
கைகளை உள்மடக்கி, நாலாக மடித்து, நீட்டினான்.
பல ஊரில் பழகிய மடிப்பு அது.
"நீயே போடு மக்கா,
எனக்கு இன்னும் தரை ஆடுது" என்றான் கிளீட்டஸ்.
பதினைந்தாம் எண்ணில் முன்னே போய் நின்றான்.
அன்றைக்கு அவன் அடித்த இரண்டில்
ஒன்றுக்கு என் தொண்டை போய்விட்டது.

இறுதியாட்டத்தில் தோற்றோம். பெனால்டி.
குக் அடித்தது உள்ளேதான் போனது,
ஆனால் அந்த மாதிரி கோல் எவன் கணக்கிலும் ஏறாது.

விடியுமுன் திருவனந்தபுரத்துக்குக் கார்.
தாளைத் திருப்பிக் கேட்டான்.
அடியில் நான் பேனாவால் சேர்த்திருந்தேன்:
சின்னத்துறை, ஆட்டம் 5, கோல் 0.
எழுத்து அவனுக்குத் தெரியாது. எண் தெரியும்.
காரின் உள்விளக்கில் வெகுநேரம் பார்த்தான்.
என் பேனாவை வாங்கி
212-ஐ அடித்து 217 என்று எழுதினான்.
3-ஐ அப்படியே விட்டான்.