சர்தார்கள்

டொங்காட் நகர மண்டபத்தில்
சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு
பார்க்காமல் இருப்பது என் வேலை.
கோடுபோட்ட சட்டை, கழுத்தில் கறுப்பு வில்முடிச்சு.
வில்லன் கயிற்றின்மேல் கால் வைக்கும்போது
நான் வேறு யாரையோ கண்டித்துக்கொண்டிருப்பேன்.
இதற்குப் பன்னிரண்டு ரேண்டும்
கால் ரொட்டி பன்னி சௌவும்.

முதலில் ஒருத்தன்தான் வந்தான்.
தனபாலன் மூட்லி.
பகலில் சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்ப்பவன்.
காக்கிச் சட்டை, முழங்கால்வரை பூட்ஸ்,
கையில் ஷாம்பொக் சாட்டை.
மைக்கில் ஒன்றே ஒன்று சொன்னான்:
"வரிசையில் நில்லுங்கடா."

எண்ணூறு பேர் எழுந்துவிட்டார்கள்.
கரும்புக் காட்டில் அதைக் காதால் கேட்டவர்
அங்கே நாலு பேர் இருந்தால் அதிகம்.
மற்றவர்களுக்கு முதுகு ஞாபகம் வைத்திருந்தது.
மண்டபத்துக்கு வெளியே நின்ற மஞ்சள் போலீஸ் வண்டியிலும்
அதே சாட்டைதான் கிடந்தது,
அது நடிப்புக்கு இல்லை.

இரண்டாமவன் பீனிக்ஸிலிருந்து வந்தான்.
ரத்தினம் படையாச்சி. அவன் விழுந்தால்
மேலே குழல்விளக்கு ஒரு தரம் இமைக்கும்.
மூன்றாமவன் பெர்சி குப்புசாமி.
அடிக்கவே மாட்டான்.
பேரேடு ஒன்றைக் கொண்டுவருவான்,
மூக்குக்கண்ணாடி மாட்டுவான்,
இன்று வராதவர்களின் பெயர்களை வாசிப்பான்.
நிஜப் பெயர்கள். நிஜத் தெருக்கள்.
முதல் வாரம் சிரித்தார்கள்.
இரண்டாம் வாரம் இருக்கை போதவில்லை.

சலாச்சி வருவாள், தையல் ஆலையில் காலர் பிரிவு.
முதல் வரிசைக்குப் பின்னால் இரண்டாம் நாற்காலி.
தனபாலன் வெளியே வந்ததும்
இடது கால் செருப்பைக் கழற்றி எறிவாள்.
எப்போதும் இடது கால்தான்.
ஆட்டம் முடிந்து ஒற்றைக் காலில் நொண்டி வந்து
"பட்டுச்சா?" என்பாள்.
பட்டது என்பேன்.
ஒருமுறைகூடப் பட்டதில்லை.

அதன்பின் ஆறு பேரும்
தனபாலனின் பிக்கப் வண்டியில்தான் வீடு போவோம்.
மணிக்கட்டுப் பட்டையில் ஒளித்த பிளேடுத் துண்டைப்
பத்திரமாக எடுத்துத் தீப்பெட்டிக்குள் வைப்பான்.
வழியில் நிறுத்திக் குழந்தைக்குப் பால்மாவு வாங்குவான்.
கடைக்காரர் மீதிச் சில்லறை தர மறுத்தார்,
"உனக்கா?" என்று.
அன்றைக்கு அவனுக்கு என்ன சந்தோஷம்!

வெருலம் சிங்கம் கிஸ்டன் மட்டும் மிச்சம்.
ஒருவனாக மூவரையும் எதிர்த்தவன்.
இறுதிச் சனிக்கிழமை அவன் கையைத் தூக்கினேன்.
கையை உதறிக்கொண்டான்.
பொன்னிற அங்கியின் நாடாவை மெதுவாக அவிழ்த்தான்.
உள்ளே காக்கி.

எனக்கு மூன்று வாரமாகத் தெரியும்.
இருந்தும் அடிவயிறு இறங்கியது.
மண்டபம் கிணறுபோல் கிடந்தது.
பிறகு பின்வரிசையில்,
பள்ளிக்கூடச் சட்டை போட்ட பையன் ஒருவன்
கை தட்டினான்.
பக்கத்தில் இன்னொருவன்.

அதற்கடுத்த வாரம் நுழைவாசலிலேயே காக்கி.
முப்பது, நாற்பது பையன்கள்
தாங்களாகவே வரிசையில் நின்றார்கள்.
"நில்லுங்கடா" என்று தனபாலன் தொடங்க,
மீதியை அவர்கள் சேர்ந்து முடித்தார்கள்.
அவன் வாய் திறந்தபடியே நின்றது.
இவ்வளவு காலம் வெறுப்பைச் சம்பாதித்தவனுக்கு
கைத்தட்டலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
பெர்சிக்குத் தெரிந்திருந்தது. பேரேட்டில் ஏதோ குறித்தான்.

கிஸ்டனின் கால் கயிற்றின்மேல். நான் பார்க்கவில்லை.
தரையை அறைந்து எண்ணினேன்:
ஒன்று.
இரண்டு.
மூன்றுக்குக் கையை ஓங்கி
ஒரு செருப்பு வந்து விழும் நேரம் காத்திருந்தேன்.

முடிந்தபின் சலாச்சி வந்தாள்.
இரண்டு காலிலும் செருப்பு.
கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள்.
"இருநூறு சட்டைக்கு ஆர்டர். ஓவர்டைம் வேறே.
உன் தனபாலனுக்குத் தோள் எத்தனை அங்குலம்?
கேட்டுச் சொல்லு."

இருபத்தொன்றரை.
கேட்டுச் சொன்னேன்.