வித்து இல்லாத மாதம்

கொசுப்புழு தேடுவது என் வேலை.
தெலுக் பிளாங்கா குன்றடியில்
மூன்று புளோக்குகளுக்குப் பின்னே ஓடும் வடிகால்
செவ்வாயும் வெள்ளியும் என் பொறுப்பு.
கம்பி மூடியைத் தூக்கி, அகப்பையால் நீர் மொண்டு
வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்ப்பேன்,
நெளிகிறதா என்று.

அன்று எதுவும் நெளியவில்லை.
டார்ச்சைத் திருப்பியபோது
தடுப்புச்சுவரின் நீர்வடி ஓட்டைக்குக் கீழே
ஒரு பச்சை
வாங்கிய வெளிச்சத்தை
வட்டியோடு திருப்பித் தந்தது.

'லுமுட்' என்றார் ஸுல்கிஃப்லி.
தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போய்விடுமாம்.

பாசி என்றால் வழுக்கும், இது வழுக்கவில்லை.
நாடா நாடாவாய், நுனியில் இரண்டாய்ப் பிரிந்து,
பிரிந்தது மறுபடி பிரிந்து,
தண்டில்லை இலையில்லை,
சுவரோடு ஒட்டிக் கிடக்கும் வெறும் உடம்பு.
ஒரு துண்டைக் கசக்கி முகர்ந்தேன்:
நெத்திலி கழுவிய தண்ணீர்.

புழுக் குப்பியில் போட்டேன்.
'புழு' என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டுச்
'செடி' என்று எழுதினேன்.

உலர்தாவரக் காப்பகத்தில் கோ சியூ லெங்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
நுண்ணோக்கிக்குள் வெகுநேரம் இருந்தார்.
மார்கான்ஷியாவாக இருந்தால் முதுகில் சின்னக் கிண்ணங்கள் இருக்கலாம்.
டூமோர்டியரா இதைவிடத் தடிப்பு, கரும்பச்சை.
இதுவோ செல் இரண்டே அடுக்கு, நடுவே காற்று.
சையாத்தோடியம்,
அதில் சந்தேகமில்லை.
எந்தச் சையாத்தோடியம்?
அதற்கு வித்து வேண்டும்.
வாடை ஒரு துப்புதான், சாட்சி ஆகாது.

ஈரற்செடி என்று குறிப்பேட்டில் எழுதப் போனேன்.
இரண்டு முறை கை
ஈரச்செடி என்றே எழுதியது.

பிறகு கேள்விகள்.
எந்தத் திசைச் சுவர்? சிமெண்டா, செங்கல்லா?
வெயில் எப்போது, எத்தனை நிமிடம்?
அக்கம்பக்கத்தில் யார் யார்?

தொடக்கக் கல்லூரியில் மனப்பாடம் செய்தது
திடீரென்று எழுந்து உட்கார்ந்தது.
நிலமும் பொழுதும் முதற்பொருள்,
அங்கே வாழ்வதெல்லாம் கருப்பொருள்.
வடிகாலுக்கு யாரும் திணை வகுக்கவில்லை.

வடக்குச் சுவர், செங்கல்,
சுண்ணாம்பு கசிந்த வெள்ளைக் கோடுகள்.
பத்தே முக்காலிலிருந்து பதினொன்று வரை
கம்பி கம்பியாய் வெயில்.
ஒரு பன்னம், இரண்டு நத்தை,
கிழித்தெறிந்த ஒரு 4டி சீட்டு.
தண்ணீர் எங்கிருந்து? நான்காம் மாடி ஏர்கான்.

உரிப்பொருளை அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளி, பத்தடி தள்ளிப் புழு.
எண்ணெய் தெளித்தாக வேண்டும்.
சுவரில் படாமல் குனிந்து குனிந்து தெளித்தேன்.
ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார் ஸுல்கிஃப்லி.
முதுகுவலி என்றேன், அதுவும் உண்மைதான்.

அதற்கடுத்த செவ்வாய் சுவர் காய்ந்திருந்தது.
துணி நனைகிறதென்று மூன்றாம் மாடி புகார் செய்ய,
நான்காம் மாடி ஆள் வைத்துக்
குழாயைச் சரிசெய்துவிட்டதாம்.
நாடாக்களின் ஓரம் பழுப்பாகி
உள்நோக்கிச் சுருண்டிருந்தது.

யாரைக் குறை சொல்ல?
பழுதுபார்ப்பது நல்ல காரியம்தானே.

டிசம்பர் மழைக்குப் பிறகு வாருங்கள் என்கிறார் சியூ லெங்,
மிச்சம் இருந்தால் வித்து வைக்கலாம்.
மேசைமேல் அந்த உறை:
பெயரின் முன்பாதி மையில்,
பின்பாதிக்கு வெற்றிடம்.
வாழிடம் என்ற கட்டத்தில் நான் சொன்னதையெல்லாம்
பொடி எழுத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்,
நான்காம் மாடி உட்பட.

என் படிவத்தில் இன்றைக்கு ஒரே வரி.
புழு: இல்லை.
எழுதி முடித்த பிறகும்
மூடியைக் கீழே இறக்காமல்
பதினொன்று அடிக்கும்வரை நின்றிருந்தேன்.