பிடித்தம்

எங்கள் தார் அந்த வரப்பில் நின்றுவிடும்,
கடித்து வைத்த முறுக்கு மாதிரி.
அதற்கப்பால் நூற்றுப் பதினெட்டு மீட்டர்
செம்மண்ணும் பல்லிளிக்கும் ஜல்லியும்.
பிறகு, கடலூர் மாவட்டத்தின் சாலை.

பாகூருக்குத் தெற்கே எல்லை இப்படித்தான்.
கரும்புக் கொல்லை புதுச்சேரி,
அதற்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டகை தமிழ்நாடு.
எந்தக் காலத்திலோ இரண்டு துரைமார்
மேசைமேல் இழுத்த கோட்டில்
இப்போது தவளை கத்துகிறது.

எல்லைப்புறச் சாலைகளுக்கென்று ஒதுக்கிய நிதி
ஆறு வருடம் கோப்பில் தூங்கி
ஒரு மார்ச் இருபத்தாறாம் தேதி விழித்துக்கொண்டது.
முப்பத்தொன்றாம் தேதி நள்ளிரவுக்குள் செலவழியாவிட்டால்
வந்த வழியே டெல்லிக்குப் போய்விடும்.
ராத்திரி பகலாகப் போட்டோம்.

முப்பதாம் தேதி சாயங்காலம் வரப்பைத் தொட்டபோது
நாலு லோடு கலவை மிச்சம்,
சூடாக, ஆவி பறக்க.
ரோலரில் இருந்து அந்துவான் கேட்டார்:
'நிறுத்திடட்டுமா சார்?'

அஞ்சலாட்சி அப்போதுதான் வந்தாள்,
மொபெட்டில் மீன் பெட்டி, ஐஸ் தண்ணீர் ஒழுக.
புதுத் தாரின் ஓரமாகவே வந்து
வரப்பில் இறங்கி, ஜல்லியில் தள்ளத் தொடங்கினாள்.
திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:
'இன்னும் கொஞ்சம் கையை நீட்டுனா
கவர்மெண்டுக்குக் கை வலிக்குமா?'

டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டேன்.
அந்துவானுக்கு அது போதும்.

இரண்டு வருடம் கழித்து, தணிக்கைக் குறிப்பு, பத்தி ஏழு:
அயல் மாநில நிலத்தில் அனுமதியற்ற செலவு.
உரியவரிடமிருந்து வசூலிக்கவும்.
உரியவர் நான்.
மாதம் இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது,
நாற்பத்தெட்டுத் தவணை.

சம்பளச் சீட்டைப் பார்த்து அமலோற்பவம் கேட்டாள்:
'இது என்ன புதுசா ஒரு பிடித்தம்?'
'ரோடு' என்றேன்.
'அந்தக் காசுக்கு ஒரு மனை வாங்கியிருக்கலாம்.'
மனைக்குப் போக வழி வேண்டாமா என்று
சொல்ல வாயெடுத்து, சாப்பிட்டேன்.

வகுத்துப் பார்த்தால் மாதம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர்.
ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் போய் நடந்து பார்ப்பேன்.
வேப்பங்கட்டை வரை பொங்கலுக்குள் முடிந்தது.
அஞ்சலாட்சி ஹாரன் அடித்து என்னை ஒதுக்கிவிட்டுப் போகிறாள்.
சாணி, கரும்புத் தோகை, யாரோ காயப்போட்ட உளுந்து.
எதற்கும் நான் வாடகை கேட்பதில்லை.

பத்தொன்பதாம் தவணை மாதம்
குடிநீர்க் குழாய் பதிக்க அங்கிருந்து ஆட்கள் வந்தார்கள்.
குறுக்கே பள்ளம்; கருப்புப் பொறுக்காக என் தார்
கரையில் குவிந்து கிடந்தது.
கடப்பாரைக்காரர் நிமிர்ந்தார்:
'யார் ரோடு சார் இது?'

அடி வைத்து அளந்தேன்.
அறுபதாவது மீட்டர்.
நான் கட்டி முடித்திருப்பது நாற்பத்தாறும் சில்லறையும்.

'இன்னும் உங்களுதுதான், தோண்டுங்க' என்றேன்.
'மூடும்போது மட்டும் நல்லா மிதிச்சு மூடுங்க.
ஆறு மாசத்துல
அதை நான் வாங்கப் போறேன்.'