தகட்டில் இரண்டு எழுத்து

கோத்தகிரி ஃபேக்டரியின் மூன்றாம் நம்பர் ரோலர்
என் பேச்சை மட்டும்தான் கேட்கும்.
அதன் இடுப்பில் ஒரு பித்தளைத் தகடு.
கிளாஸ்கோ என்றிருக்கும், பக்கத்தில் என். பி.
ஏதோ நம்பர் என்று நினைத்து
இருபத்திரண்டு வருஷம் கிரீஸ் துடைத்தேன்.

இஷ்பெல் வந்துதான் சொன்னாள்.
பழைய மெஷின் தகடுகளைப் படமெடுக்க வந்தவள்,
டானிங்டன் பக்கம் அறை, கணுக்காலெல்லாம் அட்டைக்கடி.
இங்கிலீஷ் அம்மா என்று கூப்பிட்ட மேஸ்திரியை
முதல் நாளே மூன்று தரம் திருத்தியவள்.
என். பி. என்றால் வடக்கு பிரிட்டனாம்.
"ஸ்காட்லாந்து என்று எழுத
எங்கள் ஆட்களுக்கே ஒரு காலத்தில் கூச்சம்"
என்றாள், தகட்டைப் பார்க்காமல்.

செப்டம்பர் பதினெட்டு, ராத்திரி ஷிஃப்ட்.
இரண்டரைக்கு அங்கே வாக்குச்சாவடி மூடும் என்று
போனை ஜன்னல் கம்பியில் செருகி வைத்தாள்,
அங்கேதான் சிக்னல் ஒரு கோடு.
ஆமாம். இல்லை. தாளில் இரண்டே கட்டம்.
தபாலில் போட்டுவிட்டாளாம்.
எதில் என்று நான் கேட்கவில்லை.

"முந்நூற்றேழு வருஷத்துக்கு முன்னால்
சில பிரபுக்கள் கையெழுத்துப் போட்டு
இரண்டு நாட்டை ஒன்றாக்கினார்கள்.
தெருவில் நின்றவர்களை யார் கேட்டார்கள்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்புதான்.

எங்கள் கையெழுத்து அறுபத்து நாலில்.
இவ்வளவு லட்சம் உனக்கு, இவ்வளவு எனக்கு,
மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்று
கொழுந்து நிறுப்பதுபோல் நிறுத்தார்கள்.
அப்பா அன்றைக்குக் கவ்வாத்து மலையில்.
நான் பிறக்கவே இல்லை,
இனிப் பிறப்பவர்களையும் சேர்த்துத்தானே நிறுத்தது.
அக்கா குடும்பம் அந்தத் தட்டு, நாங்கள் இந்தத் தட்டு.
தலைமன்னாரில் கப்பல், மண்டபத்தில் முகாம்,
பிறகு இந்தக் குளிர்.

"பிறந்தது எங்கே?"
எங்கள் வாயில் அது சாத்தரக்கான் தோட்டம், மேல்கணக்கு.
குடும்ப அட்டையில் இருப்பதை எழுத்துக்கூட்டினேன்:
ஸ்ட்ராத்கேர்ன்.
ரோலர் நாலு சுற்று சுற்றும்வரை அவள் பேசவில்லை.
"அகன்ற பள்ளத்தாக்கு. கற்குவியல்.
எங்கள் பழைய பாஷை.
எனக்கே அகராதியில் பார்த்துத்தான் தெரியும்."

பெயர் வைத்த துரை உங்கள் ஊரா என்றேன்.
"இருக்கும்."
எங்களுக்குத் துரை என்றால் துரை.
இங்கிலீஷா ஸ்காட்டா என்று
பிரம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது.
இதையும் சொன்னேன்.
அவள் மறுக்கவில்லை, போன் பக்கமும் போகவில்லை கொஞ்ச நேரம்.

காலை பத்தரைக்கு போஜன் டீக்கடை பெஞ்சில்
முடிவு வந்தது.
இல்லை, ஐம்பத்தைந்து.
அவள் கிளாஸில் ஆடை படிந்தது.
தோற்ற முகமா, தப்பித்த முகமா,
ரோலர் சத்தத்தில் எந்த பேரிங் என்று சொல்லும் எனக்கு
அது பிடிபடவில்லை.

"உங்களைக் கேட்டிருந்தால்
எந்தக் கட்டத்தில் போட்டிருப்பீர்கள்?"

முதலில் அந்தத் தாளைக்
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்திருப்பேன் என்றேன்.
அதற்கு மேல் யோசித்ததில்லை.

போஜன் எட்டிப் பார்த்தார்.
"இங்கிலீஷ் அம்மாவுக்கு இன்னொரு டீயா?"

அவள் திருத்தவில்லை.
நான்தான் திருத்தினேன்.